ஆற்றங்கரை யாருடையது? மொன்றியல் நகரத்தை இடித்துக் கட்டிய கதை



ஊரிலிருந்தோ லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ உறவினர் ஆரும் வந்தால் நாங்கள் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற இடங்கள் பெரும்பாலும் மூன்றுதான். ஒன்று சென் ஜோசப் தேவாலயம், அடுத்தது மலை உச்சி, மூன்றாவது பழைய துறைமுகம். துறைமுகத்தில் கப்பலையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் பார்த்து, படம் எடுத்து, ஐஸ்கிறீம் வாங்கிக் குடித்துவிட்டு வீடு திரும்புவோம். “நல்ல வடிவான இடம்” என்று வந்தவர்களும் சொல்லுவார்கள். உண்மையிலேயே வடிவான இடம்தான். ஆனால் அந்த ஆற்றங்கரை எப்படி இவ்வளவு வடிவானது, அதற்கு முன் அங்கே என்ன இருந்தது, அதைச் சுற்றியிருந்த சனங்கள் எங்கே போனார்கள் என்று எங்களில் அனேகம் பேர் கேட்டதில்லை.

அகதியாக வந்தவனுக்கு இந்தக் கேள்வி முக்கியமானது. வீடு இடிபடுவது என்றால் என்னவென்று எங்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இப்போது நாங்கள் வாழும் நகரமும் பலருடைய வீடுகளை இடித்துத்தான் இன்றைய தோற்றத்தைப் பெற்றது. அதை அறிந்துகொண்டால், நாளைக்கு எங்கள் தெருவுக்கு அப்படியொரு திட்டம் வரும்போது என்ன செய்யவேண்டும் என்பதும் விளங்கும். அதற்காகவே இக்கட்டுரை.

ஆறும் கால்வாயும்

மொன்றியல் ஒரு தீவு. தெற்கே சென் லோறன்ஸ் ஆறு. வடக்கே, எங்கள் ரொக்ஸ்பரோவைத் தொட்டுக்கொண்டு ஓடும் றிவியேர் டி பிறேரி. 1535இல் ஜாக் கார்த்தியே இங்கு வந்தபோது ஹொஷலாகா என்ற பழங்குடி மக்களின் ஊர் இருந்தது. 1642இல் மெசொன்னெவ்வும் ஜான் மான்ஸ் அம்மையாரும் ஆற்றங்கரையில் வில் மறி என்ற சிறு குடியேற்றத்தை நிறுவினார்கள். அந்த இடத்தில்தான் இன்று பொயின்ற் ஆ கலியேர் நூதனசாலை நிற்கிறது. நகரத்தின் 350ஆவது ஆண்டான 1992இல் அது திறக்கப்பட்டது.

நகரம் ஏன் அந்த இடத்தில் தோன்றியது? அதற்கு மேலே கப்பல் போக முடியாது. லஷீன் நீர்வீச்சுகள் வழியை மறித்தன. கடலிலிருந்து வந்த சாமான்கள் எல்லாம் அங்கே இறக்கப்பட்டு, தரைவழியாகக் கொண்டுபோகப்பட்டு, திரும்பவும் படகில் ஏற்றப்பட்டன. இந்தத் தொல்லையைத் தீர்க்கவே லஷீன் கால்வாய் வெட்டப்பட்டது. 1821இல் தொடங்கிய வேலை 1825இல் முடிந்தது. நீளம் ஏறத்தாழ 14 கிலோமீற்றர். மண்வெட்டியும் பிக்காசும் பிடித்து அதை வெட்டியவர்களில் பெரும்பாலானோர் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள். 1840களில் கால்வாயை அகலமாக்கியபோதும் அவர்கள்தான். கூலியைக் குறைத்ததற்காக 1843இல் அவர்கள் வேலைநிறுத்தமும் செய்தார்கள்.

1847ஆம் ஆண்டு அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலில் வந்தவர்கள் தைபஸ் காய்ச்சலோடு வந்து இறங்கினார்கள். பொயின்ற் சென் சார்ள்ஸ் கரையில் பலகைக் கொட்டில்கள் போட்டு அவர்களை வைத்தார்கள். ஏறத்தாழ 6000 பேர் அங்கேயே இறந்து புதைக்கப்பட்டார்கள். 1859இல் விக்ரோறியாப் பாலம் கட்டிய தொழிலாளர்கள், அந்தப் புதைகுழிகளை மறக்கக்கூடாது என்று ஆற்றிலிருந்து எடுத்த ஒரு பெரிய கருங்கல்லை அங்கே நாட்டினார்கள். அது இன்றும் அங்கே நிற்கிறது. நாடு விட்டு வந்த ஏழைச் சனம் இந்த ஆற்றங்கரையில் எப்படி வரவேற்கப்பட்டது என்பதற்கு அந்தக் கல் சாட்சி.

கால்வாய் நீரின் விசையில் மாவாலைகள், இரும்பாலைகள், ஆணி செய்யும் தொழிற்சாலைகள், 1854இல் றெட்பாத் சீனி ஆலை என்று வரிசையாக வந்தன. கனடாவின் கைத்தொழில் வளர்ந்த தொட்டில் அது என்று சொல்லலாம். ஆலைகளைச் சுற்றி கிறிபின்ரவுன், கூஸ் வில்லேஜ், சென் ஆன்றி, லிற்றில் பேர்கண்டி என்று தொழிலாளர் குடியிருப்புகள் தோன்றின. சிறிய வீடுகள், நெருக்கமான தெருக்கள், மூலைக்கு மூலை கடை, ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம். எங்கள் குருநகரையோ கொட்டாஞ்சேனையையோ கற்பனை பண்ணிப் பார்த்தால் கிட்டத்தட்டச் சரிவரும்.

மலையைத் துளைத்த கோச்சி

எங்கள் ரொக்ஸ்பரோவும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம். கனேடியன் நோர்தேர்ன் என்ற ரயில் கொம்பனி நகரத்துக்குப் பிந்தி வந்தது. நடுநகருக்குள் நுழைய வழியெல்லாம் மற்றக் கொம்பனிகள் பிடித்துவிட்டன. ஆகவே மலையையே துளைப்பது என்று முடிவு செய்தார்கள். மலைக்குப் பின்னால் இருந்த கமங்களை மலிவாக வாங்கி மவுண்ட் றோயல் நகரத்தை அமைத்து, காணி விற்ற காசில் சுரங்கத்துக்குச் செலவு பார்ப்பது திட்டம். 1913 டிசம்பரில் இரு பக்கமும் தோண்டியவர்கள் நடுவில் சந்தித்தார்கள். ஏறத்தாழ 5 கிலோமீற்றர் சுரங்கம். 1918 ஒக்ரோபரில் மின்சாரக் கோச்சி ஓடத் தொடங்கியது. அதற்குள் கொம்பனி முறிந்து, அரசாங்கம் பொறுப்பெடுத்துவிட்டது.

ரொக்ஸ்பரோ 1914இல் தனி ஊராக்கப்பட்டதும் அந்தப் பாதையை ஒட்டியே. பல தசாப்தங்களாக ரொக்ஸ்பரோவில் ஏறி மத்திய நிலையத்தில் இறங்கியவர்கள் எல்லாரும் அந்தச் சுரங்கத்துக்குள்ளால் போனவர்கள்தான். 2020 இறுதியில் பழைய ரயில் நிறுத்தப்பட்டு, 2025 நவம்பரில் றெம் என்ற புதிய தானியங்கி ரயில் அதே பாதையில் எங்கள் பக்கம் ஓடத் தொடங்கியது.

சுரங்கம் வெளியே வந்த இடத்தில் நடுநகரில் ஒரு பெரிய கிடங்கு கிடந்தது. பல ஆண்டுகளாக அது மூடப்படவில்லை. 1943இல் மத்திய நிலையம், 1958இல் குயீன் எலிசபெத் ஹோட்டல், 1962இல் பிளாஸ் வில் மறி என்ற சிலுவை வடிவக் கட்டடம் என்று ஒவ்வொன்றாக அந்தக் கிடங்கைச் சுற்றியும் மேலும் எழுந்தன. பிளாஸ் வில் மறிக்கு அடியில் அமைத்த கடைத்தொகுதியிலிருந்துதான் பனிக்காலத்தில் நாங்கள் சப்பாத்து நனையாமல் நடந்து திரிகிற நிலத்தடி நகரம் பிறந்தது. இது நகரத்தைப் புதுப்பித்ததில் நல்ல உதாரணம். வெறுமையாய்க் கிடந்த கிடங்கை நிரப்ப எவரையும் எழுப்பத் தேவைப்படவில்லை.

இடிப்புக் காலம்

அடுத்து வந்த காலம் அப்படிப்பட்டதல்ல. ஜோன் திறப்போ 1954 முதல் 1957 வரையும், பிறகு 1960 முதல் 1986 வரையும் நகர முதல்வராக இருந்தார். பெரிய கனவுகளைக் கண்ட மனிதர். 1966இல் மெற்றோ, 1967இல் உலகக் கண்காட்சி, 1976இல் ஒலிம்பிக் எல்லாம் அவர் காலத்தவை. மெற்றோச் சுரங்கம் தோண்டிய மண்ணையும் கல்லையும் ஆற்றில் கொட்டித் தீவு அமைத்து அதில் கண்காட்சி நடத்தினார்கள். 5 கோடித் தடவை சனம் நுழைவாயிலைத் தாண்டியது. அந்தக் கண்காட்சியில் இலங்கைக்கும் ஒரு மண்டபம் இருந்தது.

ஆனால் அந்தப் பளபளப்புக்குப் பின்னால் சில ஊர்கள் வரைபடத்திலிருந்தே அழிக்கப்பட்டன. கண்காட்சிக்கு வரும் உலகத்தார் கண்ணில் ஏழைத் தெருக்கள் படக்கூடாதென்று விக்ரோறியாப் பாலத்தடியில் இருந்த கூஸ் வில்லேஜ் 1964இல் முழுதாக இடிக்கப்பட்டது. ஆறு தெருக்கள் கொண்ட சின்ன ஊர். ஐரிஷ்காரரும் பின்னர் இத்தாலியரும் வாழ்ந்த இடம். அங்கே ஓட்டோஸ்ராட் என்ற விளையாட்டரங்கைக் கட்டினார்கள். 1970களின் இறுதியில் அந்த அரங்கையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். ஊரும் இல்லை, அரங்கும் இல்லை.

நடுநகருக்குக் கிழக்கே, துறைமுகத்துக்கு அண்மையில், போபூர் ஆ மலாஸ் என்று பிறெஞ்சுத் தொழிலாளர் வாழ்ந்த ஒரு பகுதி இருந்தது. மலாஸ் என்றால் சீனிப்பாகு. துறைமுகத்தில் இறங்கிய பாகுப் பீப்பாய்களால் வந்த பெயர் அது. பிறெஞ்சு வானொலி, தொலைக்காட்சி நிலையம் கட்டுவதற்காக 1963இல் அந்தப் பகுதி தரைமட்டமாக்கப்பட்டது. ஏறத்தாழ 5000 பேர் எழும்ப வேண்டியதாயிற்று. 778 வீடுகள் போயின. 1973இல் எழுந்த கோபுரத்தைச் சுற்றிப் பெரும்பகுதி கார் நிறுத்துமிடமாகவே பல தசாப்தம் கிடந்தது. இப்போது நிலையம் பக்கத்திலேயே புதுக்கட்டடத்துக்குப் போய்விட, அந்தக் காணியில் திரும்பவும் வீடுகள் கட்டுகிறார்கள். இடித்ததும் குடியிருப்பு, கட்டுவதும் குடியிருப்பு. இடையில் போனது சனம் மட்டும்தான்.

கிறிபின்ரவுனை இடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. 1960களில் அதைக் கைத்தொழில் வலயமென்று சட்டத்தில் எழுதினார்கள். புதிய வீடு கட்ட முடியாது. ஆக்கள் மெல்ல மெல்லக் கிளம்பினார்கள். 1854இல் திறந்த சென் ஆன் தேவாலயத்தை 1970இல் இடித்தார்கள். அந்த இடம் இன்று ஒரு சிறு பூங்கா. தேவாலயத்துக்குள் வாங்குகள் இருந்த மாதிரியே பூங்காவிலும் வாங்குகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள்.

நியாயமாகவும் பேசவேண்டும். இடித்த வீடுகளில் பல உண்மையிலேயே பழுதடைந்தவை. குளியலறை இல்லாத வீடுகள், எலியோடு குடித்தனம் நடத்திய வீடுகள் இருந்தன. திட்டம் போட்டவர்களில் பலர் ஏழைகளுக்கு நல்லது செய்கிறோம் என்றே நம்பினார்கள். ஆனால் கூரையைத் திருத்துவதற்குப் பதிலாகக் குடியையே கலைத்தார்கள். சொந்த வீட்டுக்காரனுக்கு நட்டஈடு கிடைத்தது. வாடகைக்கு இருந்தவனுக்கு அனேகமாகக் கிடைத்தது எழும்பச் சொல்லிக் கடிதம்தான். அங்கிருந்தவர்களில் பெரும்பாலானோர் வாடகைக்காரர். எலி வளையானாலும் தனி வளை வேணும் என்று எங்கள் சனம் சும்மாவா சொன்னது?

இடம் மாறிய பெருந்தெரு

இந்தக் காலத்தில் நடந்த ஒரு விசயத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். துறைமுகக் கரையோரமாகத் தூண்களின் மேல் ஒரு அதிவேகப் பெருந்தெரு கட்டத் திட்டம் இருந்தது. கட்டியிருந்தால் பழைய மொன்றியலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் கொங்கிறீற் சுவர் எழுந்திருக்கும். டானியல் வான் கிங்கெல், பிளான்ஷ் லெம்கோ வான் கிங்கெல் என்ற கட்டடக்கலைத் தம்பதியர் 1960 அளவில் அதை எதிர்த்து வாதாடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 1964இல் பழைய மொன்றியல் வரலாற்றுப் பகுதியாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இன்று நாங்கள் கல் பாவிய தெருக்களில் நடக்கிறோமென்றால் அவர்களுக்கும் நன்றி சொல்லவேண்டும்.

ஆனால் பெருந்தெரு இல்லாமல் போகவில்லை, வடக்கே நகர்ந்தது. வில் மறி அதிவேகப் பாதை என்ற பெயரில் 1972இல் திறக்கப்பட்ட அந்தத் தெரு லிற்றில் பேர்கண்டியின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. லிற்றில் பேர்கண்டி மொன்றியல் கறுப்பின மக்களின் தாய்வீடு. ரயிலில் சுமை தூக்கியும் படுக்கை விரித்தும் உழைத்த குடும்பங்கள் அவை. 1907இல் அவர்கள் தங்களுக்கென யூனியன் யுனைற்றெட் தேவாலயத்தையும், 1927இல் ஒரு சமூக நிலையத்தையும் நிறுவினார்கள். உலகப் புகழ் பெற்ற பியானோக் கலைஞர் ஒஸ்கார் பீற்றர்சன் அங்கே பிறந்தவர். தகப்பன் ரயில் தொழிலாளி. பெருந்தெருவும் அதோடு சேர்ந்த புனரமைப்பும் அந்தச் சமூகத்தை நகரமெங்கும் சிதறடித்தன. சனம் சிதறியதும் சமூக நிலையமும் மெலிந்து மூடப்பட்டது. 2014இல் அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி தானாகவே இடிந்து விழுந்தது.

சீன நகரத்துக்கும் அதே கதி. அரசாங்கக் கட்டடத்தொகுதி, மாநாட்டு மண்டபம், பெருந்தெரு என்று நாலு பக்கமும் நெருக்கி, 1980களின் நடுப்பகுதிக்குள் அது சில தெருக்களாகச் சுருங்கிவிட்டது. மிஞ்சியதைப் பாதுகாக்கப்போவதாகக் கியூபெக் அரசு அறிவித்தது 2022இல்தான்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. படித்தவர்களும் பேசத் தெரிந்தவர்களும் அக்கறைப்பட்ட கல் வீதிகள் தப்பின. பேச ஆளில்லாத தெருக்களின் மேல் பெருந்தெரு போனது. திட்டம் எப்போதும் எதிர்ப்புக் குறைந்த பக்கம் பார்த்தே நகரும். தண்ணீர் பள்ளத்தைத் தேடுவது மாதிரி.

ஆற்றைப் பறிகொடுத்தவர்கள்

ஆற்றங்கரை என்று பேசும்போது கானவாகே மொஹோக் மக்களை மறந்தால் அது பாவம். பெரிய கப்பல்கள் உள்நாட்டு ஏரிகள் வரை போவதற்காக சென் லோறன்ஸ் கடல்வழி கட்டப்பட்டு 1959இல் திறக்கப்பட்டது. அதற்காக 1955 முதல் அவர்களுடைய காணியில் 1200 ஏக்கருக்கு மேல் எடுக்கப்பட்டது. ஆற்றோடு பிறந்து ஆற்றில் மீன்பிடித்து வாழ்ந்த ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவில் கப்பற் கால்வாய் வந்தது. அதே கடல்வழியால் லஷீன் கால்வாயும் பயனற்றுப்போய் 1970இல் மூடப்பட்டது. ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. 1990 கோடையில் ஓக்காவில் கோல்ப் மைதானத்தைப் பெரிதாக்கவும் வீடுகள் கட்டவும் மொஹோக் மக்களின் பைன் தோப்பைக் கேட்டபோது வெடித்த 78 நாள் போராட்டத்துக்குப் பின்னால் இப்படி நீண்ட கணக்கொன்று இருந்தது. அப்போது புதிதாக வந்திருந்த எம்மவர் பலர், “கனடாவிலும் ஆமியா?” என்று திகைத்துப்போய் ரெலிவிசன் பார்த்த காலம் அது.

மிராபெல் கதையும் எங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். 1980களில் மொன்றியலுக்கு வந்த தமிழ் அகதிகளில் பலர் இறங்கியது அங்கேதான். அந்த விமான நிலையத்துக்காக 1969இல் மத்திய அரசு 97,000 ஏக்கர் கமக்காணியை எடுத்தது. ஏறத்தாழ 3000 குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. 1975இல் நிலையம் திறந்தது; எதிர்பார்த்த சனம் வரவில்லை. கமக்காரர் விடாமல் போராடினார்கள். 1980களில் பெரும்பகுதிக் காணியைத் திருப்பிக் கொடுக்க அரசாங்கம் இணங்கியது. 2004இல் பயணிகள் விமானம் நின்றது. 2014இல் கட்டடத்தையே இடிக்கத் தொடங்கினார்கள். புகலிடம் கேட்டு நாங்கள் வரிசையில் நின்ற மண்டபம், இன்னொருத்தன் கண்ணீர் விட்ட காணியில் நின்றது என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

சனத்தின் சொல் எடுபட்ட இடங்கள்

இனி நல்ல கதைகளுக்கு வருவோம். கப்பல் போக்குவரத்துக் கிழக்கே நகர்ந்த பிறகு பழைய துறைமுகம் துருப்பிடித்த தண்டவாளமும் தானியக் களஞ்சியங்களுமாகக் கிடந்தது. 1978இல் இரண்டாம் இலக்கக் களஞ்சியம் இடிக்கப்பட்டது. பிரபல கட்டடக் கலைஞர் லு கோர்பூசியே 1923இல் வெளியிட்ட தன் நூலில் படம் போட்டுப் பாராட்டிய கட்டடம் அது. 1981இல் மத்திய அரசு துறைமுகத்துக்கென ஒரு நிறுவனத்தை அமைத்தது. அடுக்குமாடிகளும் கடைகளும் கட்டிக் காசு பார்க்கலாம் என்ற யோசனை இருந்தது. ஆனால் 1970களின் இறுதியிலும் 1980களின் நடுப்பகுதியிலும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது சனம் தெளிவாகச் சொன்னது: ஆற்றை மறைக்காதே, கரையை எல்லாருக்கும் திறந்து விடு, பழையதை அழிக்காதே.

அந்தச் சொல் எடுபட்டது. 1992 கொண்டாட்டத்துக்கு முன் கரையோரம் பூங்காவாகியது. 1922இல் கட்டி முடித்த மணிக்கூட்டுக் கோபுரம் காப்பாற்றப்பட்டது. ஐந்தாம் இலக்கக் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. ரொறன்ரோவில் ஏரிக்கரையை அடுக்குமாடிகள் மறைத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் விளங்கும். டிக்கெற் எடுக்காமல் பிள்ளைகளோடு போய் ஆற்றுக் காற்று வாங்க எங்களால் முடிகிறதென்றால், முகம் தெரியாத ஆயிரம் பேர் கூட்டங்களுக்குப் போய்ப் பேசியதே காரணம். லஷீன் கால்வாயும் 2002இல் சிறு படகுகளுக்குத் திறக்கப்பட்டது.

இதைவிடப் பெரிய வெற்றி மக்கில் பல்கலைக்கழகத்துக்குக் கிழக்கே மில்ரன் பார்க்கில் நடந்தது. 1960களின் இறுதியில் ஒரு கொம்பனி அங்கே வீடுகளை வாங்கிக் குவித்து, இடித்துக் கோபுரங்கள் கட்ட முற்பட்டது. குடியிருந்தவர்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தார்கள். 1972இல் மறியல் இருந்து கைதானார்கள். ஒரு பகுதி இடிபட்டது உண்மை. ஆனால் மிஞ்சிய 600க்கு மேற்பட்ட வீடுகளை அரசாங்க உதவியோடு வாங்கி, 1980களில் கூட்டுறவுச் சங்கங்களாக்கினார்கள். அந்த வீடுகளை இலாபத்துக்கு விற்க முடியாது. நடுநகருக்குப் பக்கத்தில் இன்றும் சாதாரண வருமானக்காரர் கட்டுப்படியான வாடகையில் வாழ்கிறார்கள். பிலிஸ் லாம்பேர்ட் அம்மையார் 1975இல் நிறுவிய ஹெரிற்றேஜ் மொன்றியல் அமைப்பும் இதற்குத் துணை நின்றது.

எங்கள் நாட்டில்

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று தள்ளிவிடக்கூடாது. கொழும்பில் 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் இருந்த வீடுகளை ஆமியும் பொலிசும் நிற்க இடித்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழ்ந்த இடம் அது. பேரை வாவிக் கரை பெறுமதியான காணி. ஏழை அங்கே இருப்பது அழகுக்கு இடைஞ்சல். பல்லாயிரம் குடும்பங்களை மாடிக் கட்டடங்களுக்கு மாற்றுவது திட்டம். 2014இல் தொடங்கிய துறைமுக நகரத்துக்காகக் கடலில் 269 ஹெக்ரேயர் நிரப்பினார்கள். சென்னையிலும் கூவம் கரையில் இருந்த குடும்பங்களை நகரத்துக்கு வெளியே கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டார்கள். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம்.

வலிகாமம் வடக்குக் கதை உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1990இல் எழும்பிய சனம். 2013இல் 6381 ஏக்கரைச் சட்டப்படி சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். வழக்கும் போராட்டமும் நடந்து, 2015க்குப் பிறகு பகுதி பகுதியாகக் காணி விடப்பட்டது. முழுதும் இன்னும் திரும்பவில்லை. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. மிராபெல் கமக்காரரையும் மயிலிட்டி, பலாலிச் சனத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இங்கே கடிதத்தோடு வந்தார்கள். அங்கே ஷெல்லோடு வந்தார்கள். ஆனாலும் காணியை விட்டுப்போன முதியவரின் முகத்தில் இரண்டு நாட்டிலும் ஒரே கேள்விதான்: “இனி எங்கை?”

இனி எங்கள் முறை

புனரமைப்பு முடிந்த கதை அல்ல. கிறிபின்ரவுனில் 2008 முதல் திட்டங்கள் வந்து, இன்று அது கொண்டோக் கோபுரங்களின் காடு. மண்வெட்டி பிடித்த ஐரிஷ்காரனின் பேரப்பிள்ளைக்கு அங்கே ஒரு அறை வாங்குவதே கஷ்டம். இடிப்பது மட்டும் சனத்தை எழுப்புவதில்லை, வடிவாக்குவதும் எழுப்பும். விலை ஏறினால் வாடகைக்காரன் தானாகக் கிளம்புவான்.

எம்மவருக்கு இது மிகக் கிட்டவுள்ள விசயம். நாங்கள் வந்த புதிதில் கோட் டி நேஜும் பாக் எக்ஸ்ரென்ஷனும்தான் எங்கள் முதல் ஊர்கள். இன்றும் புதிதாக வருபவர்களும் வயதானவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். பாக் எக்ஸ்ரென்ஷன் ஓரத்தில் பழைய ரயில் முற்றத்தில் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் 2019இல் திறந்தது. படிப்புக்குக் கட்டியது நல்ல காரியம். ஆனால் பக்கத்துத் தெருக்களில் வாடகை ஏறி, குடும்பங்கள் எழும்பவேண்டி வந்ததும் அதோடு சேர்ந்து நடந்தது.

எங்கள் ரொக்ஸ்பரோவில் ஆறு வேறு விதமாகப் பேசியது. 2017 மே மாதத்திலும் 2019 ஏப்ரலிலும் றிவியேர் டி பிறேரி பெருகி, பியர்பொண்ட்ஸ் ரொக்ஸ்பரோத் தெருக்களுக்குள் வந்தது. இரண்டு முறையும் நகரம் அவசரநிலை அறிவித்தது. மண்மூட்டை அடுக்க ஆமி வந்தது. எங்கள் வாழ்க்கையில் ஆமி வந்து வீட்டைக் காப்பாற்றியதும் அப்போதுதான். அதற்குப் பிறகு வெள்ள வலயம் எது, எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்பது பெரிய கேள்வியாகிவிட்டது. அணை, பூங்கா, காப்புறுதி, வீட்டு விலை எல்லாம் அந்தக் கோட்டில் தங்கியிருக்கின்றன. ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள காணிக்கும் இனி மதிப்புக் கூடும். அந்தக் கோடுகளை ஆரோ மேசையில் வைத்துக் கீறும்போது நாங்களும் அந்த மேசையில் இருக்கவேண்டும்.

அதற்குச் செய்யக்கூடிய சில காரியங்கள்:

முதலாவது, கூட்டத்துக்குப் போவது. மொன்றியலில் 2002 முதல் பொதுக் கலந்தாய்வு அலுவலகம் இயங்குகிறது. பெரிய திட்டங்களுக்கு முன் அது கூட்டம் கூட்டிக் கருத்துக் கேட்கிறது. எழுத்திலும் கொடுக்கலாம், நேரிலும் சொல்லலாம். எங்கள் வட்டார சபைக் கூட்டத்திலும் கேள்வி கேட்க நேரம் உண்டு. “பிறெஞ்சு சரியாய் வராது” என்று தயங்கும் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதுகள் இங்கே பிறந்து இரண்டு மொழியும் சரளமாய்ப் பேசுதுகள். பழைய துறைமுகத்தைக் காப்பாற்றியதும் அப்படியான கூட்டங்கள்தான்.

இரண்டாவது, வாடகைக் கடிதத்தைப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதிருப்பது. யூன் 30இல் முடியும் ஒரு வருட ஒப்பந்தங்களுக்கு வாடகை கூட்டும் அறிவித்தல் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வரும். கிடைத்து ஒரு மாதத்துக்குள் பதில் எழுதவேண்டும். கூட்டுகிற தொகையை மறுத்துக்கொண்டே அந்த வீட்டில் தொடர்ந்து இருக்க, பெரும்பாலான வீடுகளில் சட்டம் இடம் தருகிறது. பிறகு தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டியது வீட்டுக்காரர். புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு விதி வேறு. குறைந்த வருமானத்தோடு 10 வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கும் 65 வயது தாண்டியவர்களுக்கு 2024இல் பாதுகாப்பு விரிவாக்கப்பட்டது. சித்திரை வருடப்பிறப்பு வரும் நேரம்தான் பதில் எழுதும் நாளும் முடிகிறது. இன்றைக்கே அந்தக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். எம்மவரிலும் இப்போது வீட்டுச் சொந்தக்காரர் பலர். ஒருகாலத்தில் நாங்களும் பெட்டியோடு ஒரு அறை தேடியவர்கள் என்பதை அவர்களும் நினைவில் வைத்தால் நல்லது.

மூன்றாவது, எழுதி வைப்பது. போபூர் ஆ மலாசை இடிக்குமுன் நகரசபை வீடு வீடாகப் படம் எடுத்து வைத்தது. சாட்சிக்காக எடுத்த அந்தப் படங்களை 2011இல் மொன்றியல் வரலாற்று நிலையம் ஒரு கண்காட்சியாக வைத்தபோது, அரை நூற்றாண்டுக்கு முன் எழுப்பப்பட்டவர்களின் வாய்மொழியையும் அதோடு சேர்த்தது. ஊர் போனாலும் நினைவு மிஞ்சியது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டதிலிருந்து இன்றுவரை எங்கள் வரலாறும் இந்த நகரத்தின் வரலாறுதான். முதல் வாடகை வீடு எந்தத் தெரு, முதல் கடை எது, கோயில் முதலில் எந்தக் கட்டடத்தில் இருந்தது, சங்கம் எந்த நிலவறையில் கூடியது என்று மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தெருவுக்குப் பெயரும் கதையும் இருந்தால் அதை இடிப்பவன் ஒருதரம் யோசிப்பான்.

நகரம் மாறாமல் இருக்க முடியாது. கால்வாய் வெட்டாவிட்டால் ஆலை இல்லை; சுரங்கம் தோண்டாவிட்டால் ரொக்ஸ்பரோ இல்லை. மாற்றத்தை மறிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாற்றத்தின் கணக்கை ஆர் எழுதுகிறார், அதில் ஆருடைய பெயர் விடுபடுகிறது என்று பார்க்கவேண்டும் என்றே சொல்லுகிறேன். ஒருமுறை கேட்காமல் எழுப்பப்பட்ட சனம் நாங்கள். இந்த மண்ணில் எங்களையோ எங்கள் அயலவரையோ ஒருவரும் கேட்காமல் எழுப்பாமல் இருப்பதற்குக் குரல் கொடுக்கும் உரிமையும் கடமையும் எங்களுக்கு உண்டு.

பிறக்கும் சித்திரைப் புத்தாண்டில் ஒவ்வொருவர் வீட்டிலும் அடுப்பெரியவும், எழும்பிப் போனவர்கள் தங்கள் முற்றத்தில் மீண்டும் கோலம் போடவும் வாழ்த்தி விடைபெறுகிறேன். வணக்கம்.